இப்படிக்கு, ஒரு நலன்விரும்பி

1

இந்த 1998 ஐப்பசியோடு நான் ரொறன்ரோவுக்கு வந்து பத்து வருடம் முடிகிறது. பத்து வருடம் தாக்குப்பிடித்தவர்கள் ஊரில் உள்ளவர்களுக்காக ஏதாவது எழுதியாக வேண்டும் என்று இங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. பெரும்பாலும் முதல் பனியில் தொடங்குவார்கள். பனியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அது விழும், நாங்கள் வழித்துத் தள்ளுவோம், மறுபடி விழும். நான் அமெரிக்காவைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கா.

கனடாவில் இருப்பவனுக்கு அமெரிக்காவின் பழைய கதை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் வேலை செய்த தொழிற்சாலையை இந்த வருடம் மாசி மாதம் ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. அதே நேரம் என் மகள் தாரணி பள்ளிக்கூடத்தில் அமெரிக்க வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். முன்வாசலாலும் பின்வாசலாலும் ஒரே நாடு வீட்டுக்குள் நுழைந்தால் மனிதன் என்னதான் செய்வான்? நானும் புத்தகத்தைத் திறந்தேன்.

தொழிற்சாலை மில்லிக்கனில், எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். அங்கே இறைச்சிப் பற்றீஸ் செய்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்து அனுப்புவோம். மாத் தகட்டை மடித்துச் செய்கிற, ஜமேக்கா ஆட்கள் விரும்பிச் சாப்பிடுகிற மஞ்சள் நிறப் பற்றீஸ். உள்ளே மாட்டிறைச்சி. ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'உணவுத் தொழிற்சாலை' என்று மட்டும்தான் எழுதி வந்தேன். கோயில் தர்மகர்த்தா சபையில் இன்னும் என் பெயர் இருக்கிறது என்று கேள்வி. இதை வாசித்ததும் எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும்.

எனக்கு அங்கே நீலத் தொப்பி. மற்றவர்களுக்கு வெள்ளை. நீலத் தொப்பி என்றால் லீட் ஹாண்ட், அதாவது பன்னிரண்டு பேருக்கு மேலே ஒரு படி. சம்பளத்தில் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. தொப்பியில்தான் வித்தியாசம். அந்தத் தொப்பியோடு படம் பிடித்து ஊருக்கு அனுப்பினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2

கம்பெனியை வாங்கிய அன்று எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். 'எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு' என்று தலைப்பு. கூடவே ஆளுக்கொரு கோப்பை. கோப்பையிலும் 'குடும்பம்' என்று எழுதியிருந்தது.

என் பக்கத்தில் நின்ற கார்மென் அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். கார்மென் பிலிப்பீன்ஸ்காரி. யாரோ பணக்கார வீட்டில் குழந்தை பார்க்கிற வேலைக்கு வந்து, பிறகு தொழிற்சாலைக்கு மாறியவள். தன் இரண்டு பெடியன்களை அங்கே தாயிடம் விட்டுவிட்டு, அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்காக ஏழு வருடமாகக் குடிவரவுப் படிவம், எங்கள் பேச்சில் பாரம், நிரப்பிக்கொண்டிருக்கிறாள். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி உடைந்த ஆங்கிலம். அதை என் தமிழில் தருகிறேன்.

"எங்களை வாங்கேக்கையும் இப்பிடித்தான் சொன்னவை" என்றாள்.

"ஆர் வாங்கினது?"

"அமெரிக்கன்தான். ஸ்பெயின்காரனிட்டை இருந்து. இருபது மில்லியன் டொலர்."

அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தாரணியின் புத்தகத்தைப் புரட்டினால் அது அப்படியே இருக்கிறது. 1898. கியூபாவை ஸ்பெயினிடமிருந்து விடுவிக்கிறோம் என்று புறப்பட்டவர்கள், வழியில் உலகத்தின் மறுகரையில் இருந்த பிலிப்பீன்ஸையும் சேர்த்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சனம் தாங்கள் சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று அதே வருடம் ஆனியில் கொடியும் ஏற்றிவிட்டது. மார்கழியில் பார்த்தால் உறுதிப் பத்திரம் எழுதி வேறு ஆளுக்கு வித்தாயிற்று. அமெரிக்க ஜனாதிபதி முழந்தாளில் நின்று கடவுளைக் கேட்ட பிறகுதான் எடுத்தாராம் என்று ஒரு கதை இருக்கிறது. கடவுள் வேண்டாம் என்று சொன்னதாக வரலாற்றில் எங்கேயும் இல்லை. அந்தச் சனம் தங்களை அன்போடு அரவணைக்க வந்தவர்களை எதிர்த்துச் சண்டை பிடித்தது. நன்றிகெட்ட சனம்.

வெள்ளைக்காரனுடைய ராச்சியத்தில் கிளாக்கர் வேலைக்காக மலாயா வரை கப்பலேறிப் போன பரம்பரை நாங்கள். எங்களுக்கு எஜமான் மாறுவது புதிதில்லை. நான் அந்தக் கோப்பையைக் கழுவி எடுத்து, அதில்தான் தேத்தண்ணி குடித்தேன்.

3

பங்குனியில் மணிக்கூட்டுத் துரை வந்து இறங்கினார். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது, அதை நான் இங்கே எழுதவில்லை. ஒஹாயோவில் இருந்து புதுக் கம்பெனி அனுப்பியவர். கழுத்தில் தாலி மாதிரி ஒரு ஓட்டப்பந்தய மணிக்கூடு. ஒரு பெண் மா உருண்டையை எடுக்க எத்தனை செக்கன், வைக்க எத்தனை செக்கன், மூக்கைச் சொறிய எத்தனை செக்கன் என்று எழுதிக்கொண்டே திரிந்தார். புதுமையான விஞ்ஞானம் என்று சொன்னார்.

தாரணியின் புத்தகத்தில் அந்தப் புதுமை இருந்தது. நூறு வருடத்துக்கு முன் ஓர் எஞ்சினியர் இரும்புக்கட்டி சுமக்கிறவனுக்குப் பின்னால் இப்படியே மணிக்கூட்டோடு திரிந்திருக்கிறார். அதே காலத்தில் உருக்கு ராசா ஒருவர், எண்ணெய் ராசா ஒருவர். எண்ணெய் ராசா தன்னோடு போட்டி போட்டவர்களை எல்லாம் ஒன்றில் வாங்கினார், இல்லாவிட்டால் கவிழ்த்தார். பிறகு வயது போன காலத்தில் தெருவில் பிள்ளைகளுக்குச் சில்லறை கொடுத்துப் புண்ணியம் தேடினார். உருக்கு ராசாவின் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது துப்பாக்கிக்காரரை இறக்கினார்கள், ஆட்கள் செத்தார்கள். அந்த நேரம் அவர் ஸ்கொட்லாந்தில் விடுமுறையில் இருந்தார். பிறகு நாடு நாடாக நூலகம் கட்டிக் கொடுத்தார். ரொறன்ரோவிலும் அவர் காசில் எழும்பிய கட்டிடங்கள் இன்னும் நிற்கின்றன. அவரை எப்படி ஏசுவது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஆட்களையும் சுட்டு, நூலகத்தையும் எரித்தவர்களைத்தானே நான் பார்த்திருக்கிறேன்.

"அப்பா, இட்ஸ் மை புக். எனக்கு எஸே எழுத வேணும்" என்று தாரணி புத்தகத்தைப் பறித்தாள். ஏழு வயதில் வந்தவள், இப்போது பதினேழு. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதனால் அவளைக் கோபப்படுத்துவதை நான் ஒரு மொழிப்பணியாகவே செய்து வருகிறேன்.

அவளுடைய கட்டுரை, அந்த ராசாக்களை மடக்கிய சீர்திருத்தக்காரரைப் பற்றியது. அவர்களில் அவளுக்குப் பிடித்தவர்கள் பத்திரிகைக்காரர். எண்ணெய் ராசாவின் திருகுதாளங்களை ஒரு பெண் மாதக்கணக்காகத் தோண்டி எழுதியிருக்கிறாள். இறைச்சித் தொழிற்சாலை, நகரசபை ஊழல், சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பது, மற்றவர்களும் ஒன்றையும் விடவில்லை. ஒரு ஜனாதிபதியே சலித்துப்போய் அவர்களை அழுக்குக் கிளறுகிறவர்கள் என்று ஏசினார்.

"உது பெரிய கண்டுபிடிப்பே?" என்றேன். "உதைத்தானே எங்கட ஊரிலை பெட்டிசம் எண்டு சொல்லுறது."

4

பெட்டிசம் தெரியாத யாழ்ப்பாணத்தவன் இருக்க முடியாது. ஆனாலும் வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டிசம் என்பது மேலதிகாரிக்கு எழுதும் முறைப்பாடு. அதில் உயர்ந்த சாதி மொட்டைப் பெட்டிசம். அடியில் பெயர் இருக்காது.

என் அப்பா செல்லத்துரை கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கர். அது சம்பளத்துக்கு. உண்மையான தொழில் மொட்டைப் பெட்டிசம். றோட்டு ஓவசியர் தாரில் களவெடுத்தால் பெட்டிசம். வாத்தியார் பாடம் எடுக்காமல் தோட்டத்துக்குத் தண்ணி கட்டினால் பெட்டிசம். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு வெற்றிலை கூட வாங்காமல் எழுதிக் கொடுப்பார். கையெழுத்தை ஆரும் அடையாளம் காணாமல் இருக்க இடது கையால் எழுதுவார். எங்கள் ஊர்த் தபால்பெட்டியில் போடமாட்டார். சைக்கிளில் கொடிகாமம் வரை போய்ப் போட்டுவிட்டு வருவார். ஆரும் சந்தேகப்படக் கூடாது என்று ஒருமுறை தன்னைப் பற்றியே ஒரு பெட்டிசம் எழுதினார். பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, சங்கக்கடைக் கணக்கர் பின்னேரம் நேரத்தோடு கடையைப் பூட்டுகிறார் என்று. விசாரணைக்கு ஆள் வந்துவிட்டது. அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் வெட்டு.

முடிவு எப்போதும் ஒன்றுதான். 'இப்படிக்கு, ஒரு நலன்விரும்பி.' அதற்குக் கீழே பிரதிகள். அரசாங்க அதிபர், பாராளுமன்ற உறுப்பினர், பிரதம மந்திரி, ஆயர். நாங்கள் சைவம், ஆனாலும் ஆயருக்கு ஒரு பிரதி போகும். பிரதி கூடக் கூடப் பெட்டிசத்துக்குப் பலம் என்பது அப்பாவின் கொள்கை.

பிறகு காலம் மாறியது. பெட்டிசத்தின் விலாசமும் மாறியது. அரசாங்கக் கந்தோருக்குப் போனவை ஆயுதம் வைத்திருந்தவர்களின் முகாம்களுக்குப் போகத் தொடங்கின. ஒரு முகாமுக்கு மட்டுமில்லை. பெயரில்லாத ஒரு துண்டுக் கடிதத்துக்கு ஆள் காணாமல் போகிற காலம் வந்தது. அப்பா அன்றைக்குப் பேனையை மூடியவர், சாகும் வரை திறக்கவில்லை. பெயர் போடாமல் இருப்பது பயம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பெயர் போடாமல் எழுதுவது எவ்வளவு பயங்கரம் என்று அப்போதுதான் விளங்கியது.

விளங்கி என்ன, வழக்கம் விடுகிறதா?

5

பற்றீஸுக்கு மாவைத் தகடாக விரிக்க இரண்டு உருளைகள் உள்ள மெசின் ஒன்று இருக்கிறது. உருளைகளுக்கு மேலே ஒரு மூடி. மா ஒட்டிக்கொண்டால் மூடியைத் திறந்து சுரண்ட வேண்டும். மூடிக்கு அடியில் ஒரு சுவிச், மூடி திறந்தால் அது விடுபட்டு மெசின் தானாக நிற்கும். கையைக் காப்பதற்கான ஏற்பாடு. மூடியை மூடி, மெசினைத் திரும்ப ஓட்ட நாற்பது செக்கன். மணிக்கூட்டுத் துரைக்கு அந்த நாற்பது செக்கன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வைகாசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். தொழிற்சாலையில் என் பெயர் பொப். புவனேந்திரன் என்பதை வாய்க்குள் போட்டுப் பார்த்துவிட்டு முதல் நாளே அப்படி வைத்துவிட்டார்கள்.

"பொப், அந்தச் சுவிச்சை அமத்தியபடியே வைக்க வழியில்லையா?" என்று கேட்டார். கட்டு என்று அவர் சொல்லவில்லை. அவர் படித்தவர். வழியில்லையா என்றுதான் கேட்டார்.

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியாத புழுகம். ஒஹாயோவில் இருந்து வந்த துரை என்னிடம் யோசனை கேட்கிறார். ஊரில் தண்ணி இறைக்கிற மெசினையே இரண்டு கம்பித் துண்டோடு ஓட்டின ஆளல்லவா நான். ஒரு கம்பியை வளைத்து, சுவிச்சை அமத்திக் கட்டினேன். மூடி திறந்திருந்தாலும் மெசின் ஓடியது. துரை என் தோளில் தட்டினார். கட்டியவன் நான். இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அடுத்து எழுதிய இடத்தில் எழுதவில்லை.

யூன் பன்னிரண்டு, எங்கள் கணக்கில் ஆனி, பிலிப்பீன்ஸ் கொடியேற்றி நூறாவது வருடம். கார்மென் வீட்டில் நூடில்ஸ் செய்து, பெரிய தட்டில் கொண்டுவந்து, சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கொடுத்தாள். தட்டின் நடுவில் ஒரு சின்னக் கடதாசிக் கொடி. துரையும் ஒரு கோப்பையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "என்ன விசேஷம்?" என்று கேட்டார். "பிறந்தநாள்" என்றாள். "ஹாப்பி பேர்த்டே" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை, செவ்வாய்க்கிழமை காலை, கார்மென் உருளையில் ஒட்டின மாவைச் சுரண்டப் போனாள். மெசின் நிற்கவில்லை. வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவள் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இங்கே விபரிக்க முடியாது. நான் ஓடிப்போய் அவசரப் பொத்தானை அமத்தினேன். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றபோது, ஆரும் பார்க்காமல் கம்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

6

இரண்டு நாளில் கம்பெனி ஓர் அறிக்கை தயாரித்தது. ஊழியர் தானாகவே பாதுகாப்பு ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்து, விதியை மீறி நடந்தார் என்று அதில் இருந்தது. கார்மென் வேலையால் நிறுத்தப்படுவாள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. வேலை இல்லாவிட்டால் பெடியன்களைக் கூப்பிடுகிற பாரம் குப்பைக்குள். ஏழு வருடமும் அதோடு போகும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, குசினி மேசையில் இருந்து பெட்டிசம் எழுதினேன். கை தானாக ஓடியது. 'பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவன்புடன் கொண்டுவருவது யாதெனில்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். 'மனச்சாட்சியற்ற சில நபர்கள் மேற்படி சுவிச்சைக் கம்பியால் கட்டியுள்ளனர்' என்று எழுதினேன். சில நபர்கள்! நான் ஒருவன் எப்படிப் பன்மையானேன் என்று கேட்காதீர்கள். அடியில், 'இப்படிக்கு, ஒரு நலன்விரும்பி.' அதற்குக் கீழே பிரதிகள்: தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம், உணவுப் பரிசோதனை அலுவலகம், மாகாண முதல்வர், பிரதமர். இன்னும் பலமாக இருக்கட்டும் என்று, கம்பெனியின் அமெரிக்கத் தலைமைக் கந்தோருக்கும் ஒன்று, 'தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும்.' ஆயரை விட்டுவிட்டேன். விலாசம் கிடைக்கவில்லை.

விட்பி வரை காரில் போய் அங்கே ஒரு பெட்டியில் போட்டேன். அப்பாவுக்குக் கொடிகாமம், எனக்கு விட்பி.

முதலில் ஓடிவந்தது ஆர் என்று நினைக்கிறீர்கள்? உணவுப் பரிசோதகர். விரல் நுனிகள் கிடைத்தனவா, பற்றீஸுக்குள் போய்விட்டனவா என்பதுதான் அவருடைய கவலை. அன்றைய முழு உற்பத்தியையும் கொட்ட வைத்துவிட்டுப் போனார். தாரணியின் புத்தகத்திலும் இதே கதைதான். இறைச்சித் தொழிற்சாலையில் வேலையாட்கள் படுகிற பாட்டை எழுதினால், வாசித்த சனம் தங்கள் தட்டில் கிடக்கிற இறைச்சியைப் பற்றித்தான் பயந்தது. உடனே இறைச்சிக்குச் சட்டம் வந்தது. விரலுக்குச் சட்டம் வர இன்னும் கனகாலம் எடுத்தது.

மறுநாள், தலைமைக் கந்தோருக்கு நான் அனுப்பிய பிரதி துரையின் கையில் இருந்தது. சாப்பாட்டு அறையில் அதை உரத்து வாசித்தார். "எஸ்ரீம்ட் சேர், ஐ மோஸ்ற் ஹம்பிளி பெக்..." அவர் இரண்டாவது வரிக்கு வரவில்லை, அறையில் இருந்த அவ்வளவு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஜமேக்காக்காரி ஒருத்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விடுமுறை கேட்டு இதே நடையில் நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் பகிடிக்காக அறிவித்தல் பலகையில் தொங்கினவைதானே.

"பொப், இதை ஆர் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறாய்?" என்று துரை கேட்டார்.

"ஆரோ நல்லாப் படிச்ச ஆள் போல" என்றேன். அந்த நேரத்திலும் பெருமை போகவில்லை.

7

வெள்ளிக்கிழமை தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் வந்தார். அமைதியான மனுசி, தடித்த சப்பாத்து. மெசினைப் பார்த்தார். சுவிச்சில் கம்பி கட்டின கீறல் இருந்தது, கம்பி இல்லை. பெயரில்லாத கடிதத்தை வைத்து ஆர் கட்டியது என்று தன்னால் சொல்ல முடியாது, தான் திங்கட்கிழமை திரும்ப வரும்போது கண்டவர்கள் பெயரோடு சொல்லலாம் என்றார். சொன்னவரைக் கம்பெனி பழிவாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றும் சொன்னார். சட்டத்தை நானும் கனக்கப் பார்த்தவன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தால், பெட்டிசத்தின் முதல் எழுத்துப்படி தாரணியின் கையில் இருக்கிறது. தன்னுடைய கட்டுரைத் தாள்களோடு கலந்து கிடந்ததாம்.

"அப்பா, வட் இஸ் திஸ்? ஆர் உந்த வெல்விஷர்?"

"நான்தான்."

"தென் வை டிட்ன்ற் யூ சைன் இற்?"

"உப்பிடித்தான் எழுதிறது. உன்ரை அமெரிக்கன்களும் உதைத்தானே செய்தவை."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தமிழ் வந்தது. "இல்லை அப்பா. அவை எல்லாரும் தங்கடை பேரைப் போட்டுத்தான் எழுதினவை. அந்த மனுசி எண்ணெய்க் கொம்பெனியைப் பற்றி எழுதேக்கை ஒவ்வொரு மாசமும் தன்ரை பேரைப் போட்டவ. அதாலைதான் அவங்களாலை பொய் எண்டு சொல்ல ஏலாமல் போனது. இதிலை ஆர் கம்பியைக் கட்டினது எண்டும் இல்லை. ஆரப்பா கட்டினது?"

என் மகள் இவ்வளவு நீளமாகத் தமிழ் கதைத்து நான்கைந்து வருடம் இருக்கும். சந்தோசப்பட முடியவில்லை.

அடுப்படியில் நின்ற பத்மா திரும்பிப் பார்த்தாள். பத்மா என் மனைவி. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, போய்ச் சொல்லிக் கில்லிப் போடாதேங்கோ. ரூஜ் பக்கம் வீடு பாக்கப் போறமெண்டு போன கிழமைதான் ஏஜென்ருக்குச் சொன்னனீங்கள். வேலைக் கடிதம் இல்லாமல் பாங்க்காரன் கதவும் திறக்கமாட்டான்."

"ஓம்" என்றேன்.

"உங்களுக்கு வேலையும் போய், கட்டினது நீங்கள்தான் எண்டு அவளும் ஏசினால் என்ன செய்வியள்?"

கார்மென் அன்று என்னைப் பார்த்த பார்வையைப் பத்மாவுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. கம்பியைக் கட்டியது நான்தான் என்று கார்மெனுக்கு முதலே தெரியும். அவள் பக்கத்தில் நிற்கும்போதுதானே கட்டினேன். அப்படியிருந்தும் இவ்வளவு நாளும் அவள் என் பெயரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

8

திங்கட்கிழமை கம்பியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். சின்ன அறை, ஒரு மேசை, பாதுகாப்பு அலுவலகப் பெண், ஒரு பாரம். கம்பியை மேசையில் வைத்தேன். துரை கேட்டதையும் நான் கட்டியதையும் கழற்றியதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதிக்கொண்டே போனார். பெருமதிப்பும் பணிவன்பும் எங்கேயும் வரவில்லை. என் கதை எல்லாம் அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிட்டது, எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு பாரத்தை என் பக்கம் திருப்பினார். "மிஸ்ரர் செல்லத்துரை, இங்கே கையெழுத்து வையுங்கள்."

இங்கே எங்களுக்கெல்லாம் தகப்பனின் பெயர்தான் குடும்பப் பெயர். விமான நிலையத்தில் முதல் நாள் அப்படிப் பதிந்தார்கள், பத்து வருடமாக வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் என்னை அப்பாவின் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பழகிப்போன எரிச்சல். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

பாரத்தின் அடியில் அச்சடித்த எழுத்தில் இருந்தது: செல்லத்துரை. வாழ்நாளில் ஒரு பெட்டிசத்தின் அடியிலும் வராத பெயர். இடது கையால் எழுதி, கொடிகாமம் வரை சைக்கிள் மிதித்து மறைத்த பெயர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் அதைப் பயம் என்று நினைத்து, தண்ணி வேண்டுமா என்று கேட்டார். வலது கையால் கையெழுத்து வைத்தேன்.

9

கார்மெனின் மேல் போட்ட குற்றத்தை எடுத்தார்கள். இப்போது அவள் பெட்டி எண்ணுகிற பகுதியில் வேலை செய்கிறாள். பெடியன்களுடைய பாரம் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் வந்து, "பொப், உன்னுடைய உண்மையான பெயர் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். நாலு முறை சொல்லிப் பார்த்து, ஓரளவு சரியாகச் சொன்னாள். அந்தக் கம்பிக்காகவும் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்காகவும் நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாதது சரிதான்.

மணிக்கூட்டுத் துரைக்கு ஒஹாயோவில் பதவி உயர்வு. தாரணியின் கட்டுரைக்கு பி பிளஸ். 'எழுதியவரின் உணர்ச்சி அதிகம்' என்று வாத்தியார் ஓரத்தில் எழுதியிருந்தார். ரூஜ் வீட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது ஒருவரும் கதைப்பதில்லை. பத்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

ஆவணியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கம்பெனிக் குடும்பத்தை மறுசீரமைப்பதில் நீலத் தொப்பி என்ற பதவியே இல்லாமல் போகிறதாம். நான் செய்த தவறு ஒன்றும் இல்லையாம். இவ்வளவு காலச் சேவைக்கு நன்றியாம். என்னுடைய எதிர்காலம் நல்லபடி அமைய மனமார விரும்புகிறார்களாம்.

தாரணி அதை வாங்கி மேலே கீழே பார்த்தாள். தாளைத் திருப்பியும் பார்த்தாள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'நிர்வாகம்' என்று மட்டும் அச்சடித்திருந்தது.

"அப்பா, இதிலை ஒருத்தற்றை பேரும் இல்லை. ஆர் இதை எழுதினது?"

நான் மொட்டைப் பெட்டிசம் எழுதின வீட்டில் பிறந்து வளர்ந்தவன். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆரோ ஒரு நலன்விரும்பி" என்றேன்.